பிள்ளைகளின் சேமிப்புப் பெட்டியோடு நான் ஓடிய காலை

நாற்பத்தொரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சேமிப்புப் பணத்தை இரும்புப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அதில் ஒரு பைசாவைக்கூட எனக்கென்று எடுக்கவில்லை என்பது உண்மை. ஓடினேன் என்பதும் உண்மை. பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். என் பேரப்பிள்ளைகள் இதைத் தங்கள் இஷ்டத்துக்கு வளர்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் ஒரு நாயும் என்னைத் துரத்துகிறது. நாய் துரத்தவில்லை. (நாய் வந்தது. ஆனால் சும்மா கூட வந்தது.) நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட்டால், எனக்கு வர வேண்டிய கெட்ட பெயர் மட்டும் வந்து சேரும், அதற்கு மேல் வராது என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. பி.ஏ., பி.டி. முடித்துவிட்டுப் பரளச்சி ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். வார நாட்களில் பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அந்த ஊரில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். அதை யாரும் மறந்துவிடாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

வங்கிகள் டவுனை விட்டுக் கிராமத்தைத் தேடி வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒருநாள் அருப்புக்கோட்டை வங்கிக் கிளை ஒன்றின் ஏஜெண்ட் (கிளை மேலாளரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) எங்கள் பள்ளிக்கு வந்தார். ஏழைப் பிள்ளைகள் பேரில் வங்கிக் கணக்கு திறக்கப் போகிறோம், பள்ளிக்கூடம் ஒத்துழைக்க வேண்டும் என்றார். வாராவாரம் பிள்ளைகள் கொண்டுவரும் காசை ஓர் ஆசிரியர் வாங்கிக் குறித்து வைக்க வேண்டியது. ஓரளவு சேர்ந்ததும் வங்கியே ஊருக்கு வந்து, விழா வைத்து, ஆளுக்கொரு கணக்கும் பாஸ் புத்தகமும் கொடுத்துவிடும். தலைமையாசிரியருக்குச் சொந்தமாகக் காடு, அதாவது விதைக்கிற நிலம், இருந்தது. காடு இருக்கிறவருக்கு விழாவுக்கு ஏது நேரம்? பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நாகரிகமாகச் சொல்கிறேன், நான்தான் தலையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

இங்கே நன்றாக நடந்தால் திருச்சுழிப் பக்கம் இன்னும் பத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இதே திட்டம் போகும் என்றும், என் பெயரை மதுரை அலுவலகத்துக்கு எழுதுவதாகவும் ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அன்றைக்கே என் பெயர் மதுரையில் எப்படி உச்சரிக்கப்படும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பிள்ளைகள் எப்படியெல்லாமோ காசு கொண்டுவந்தார்கள். வேப்பமுத்துப் பொறுக்கிக் கடையில் போட்டார்கள். பருத்திக் காட்டில் மிஞ்சியதைப் பொறுக்கினார்கள். கோழி முட்டை விற்றார்கள். திங்கட்கிழமை காலையில் அஞ்சு காசு முதல் அரை ரூபாய், ஒரு ரூபாய் வரைக்கும் என் மேஜையில் வைப்பார்கள். நான் நோட்டில் எழுதி, காசை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்வேன். ஆனி மாதம் தொடங்கியது புரட்டாசிக்குள் முன்னூறு ரூபாயைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வங்கி கொடுத்த அச்சடித்த தாளில் ஏழு விதிகள் இருந்தன. ஆறாவது விதி: பெற்றோரின் கையொப்பம் அல்லது கைநாட்டுடன் பிள்ளைகள் எந்த வேலைநாளிலும் பணத்தைத் திரும்பப் பெறலாம், கணக்கில் ஒரு ரூபாய் இருந்தால் போதும். நான் வகுப்பில் ஐந்தாவது விதி வரை வாசித்துவிட்டு, ஒரு இருமல் இருமி, ஏழாவது விதிக்குப் போனேன். தாளைச் சுவரில் ஒட்டி, அதன் கீழ்ப்பாதி மறையும்படி ஒரு காலண்டரை மாட்டினேன். எடுக்கலாம் என்று தெரிந்தால் எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் விழா நாளில் காட்ட ஒன்றும் இருக்காது. இதுதான் என் பொருளாதாரம்.

எட்டாம் வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். அவளும் தம்பிகள் இரண்டு பேருமாகப் பதினேழு ரூபாய் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டுப் பணம் என்று பார்த்தால் பள்ளியிலேயே அதுதான் பெரிய தொகை. அவள் மட்டும் ஒருநாள் எழுந்து, போட்டதை எப்போது எடுக்கலாம் என்று கேட்டாள். எடுக்கிறதைப் பற்றியே நினைக்கிறவள் ஒருநாளும் சேமிக்க மாட்டாள் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்துகொண்டாள். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விழா திங்கட்கிழமை. மதுரையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஏஜெண்டோடு ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஊரிலிருந்து திரும்பி, பள்ளி வாசலில் சிவப்பும் பச்சையுமாகக் காகிதத் தோரணம் கட்டி முடித்தேன். மறுநாள் போடுவதற்காகத் துவைத்த வெள்ளைச் சட்டை தோரணத்துக்குக் கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குத் தெற்கே கறுத்தது. மூன்றரைக்குக் கொட்ட ஆரம்பித்து ஐந்தரை வரைக்கும் விடவில்லை. தோரணத்தின் சாயம் முழுக்க என் சட்டையில் இறங்கியது.

எங்கள் வீட்டில் மழை என்றால் கெட்ட செய்தி. தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் போதும், தெருவே அலறிக்கொண்டு ஓடும். என் அப்பா மேகத்தைப் பார்த்துத் தெலுங்கில் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. அந்த வளர்ப்பில் வந்தவன் நான். மழை விட்டதும் தெருவுக்கு வந்து, எதிரே வந்த ஒரு சம்சாரியிடம் (விவசாயிக்கு அங்கே அதுதான் பெயர்), "சே, என்ன மழைங்க இது, எல்லாம் நாசமாப் போச்சு" என்றேன்.

அந்த ஊரில் இரண்டு வருஷமாகச் சரியான மழை கிடையாது. அந்த மனிதர் நனைந்த தலையோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கு மேலுக்கு ஏதும் முடியலையா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. கதவைத் தட்டுகிற சத்தம். சட்டை இல்லாமல் வேட்டியோடு வந்து திறந்தேன். பேச்சியம்மாளும் அவள் அம்மா பாக்கியமும் நின்றார்கள். இருவர் காலிலும் முழங்கால் வரை கரிசல்.

"சாரு, பிள்ளைக துட்டைக் குடுத்துருங்க. ஏரு வந்து நிக்குது" என்றாள் பாக்கியம்.

விவரம் இதுதான். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசல். சொந்த மாடு கிடையாது. வாடகை ஏர்க்காரர் அன்று காலை பத்து மணி வரை அவர்கள் காட்டுக்கு என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் விதையோடு நின்றால் விதைத்துக் கொடுப்பார். இல்லையென்றால் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். மறுபடி முறை வருவதற்குள் மேல் ஈரம் காய்ந்துவிடும். விதை பரளச்சிக் கடையில் இருக்கிறது. போன தடவை கடனுக்கு வாங்கிய விதைக்கே இன்னும் பாக்கி நிற்பதால் கடைக்காரர் இந்தத் தடவை ரொக்கம் இல்லாமல் படியை எடுக்க மாட்டார்.

நான் விறைத்துக்கொண்டு, "இன்னைக்கு எடுக்க முடியாதும்மா. இன்னைக்குத்தான் போடுற நாள்" என்றேன்.

"போட்டுத்தான சார் இருக்கோம்" என்றாள் பேச்சி.

"பேங்குக்குப் போன பிறகுதான் பேசணும்."

"பெட்டி உங்க கட்டிலுக்குக் கீழதான இருக்கு?"

இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து கட்டிலை மறைத்துக்கொண்டேன். சாவி ஹெட்மாஸ்டரிடம் இருக்கிறது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, சட்டை போடவில்லை. இடுப்புக் கயிற்றில் சாவி வேட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் அந்தச் சாவியைப் பார்த்தார்கள். அப்புறம் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த மரியாதை மாதிரி எதுவும் என்னை அடித்ததில்லை.

பேச்சிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்தத் தடவையும் வெதைக்கலேன்னா நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகணும் சார். பேரு குடுத்தாச்சு. அடுத்த வாரத்துலேருந்து பஸ்ஸு வரும்."

தீப்பெட்டி ஆபீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். விடியுமுன்னே தொழிற்சாலை பஸ் வந்து பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்கும் வேலைக்கு அள்ளிக்கொண்டு போகும். அப்படிப் போன பிள்ளை ஒன்றுகூடப் பள்ளிக்குத் திரும்பி வந்ததில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தவனே நான்தான். எல்லாம் தெரிந்தும் என் வாயிலிருந்து வந்தது இது: "விழா முடியட்டும், சாயந்தரம் பாப்போம்."

"சாயந்தரம் ஏரு இருக்காது சார்."

நான் கதவைச் சாத்தினேன். இதைத்தான் இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் சேறு.

ஏழரை மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளி வாசலில் முப்பது பேர். யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் இடுப்பில் காலிச் சாக்கை மடித்துச் செருகிக்கொண்டு காத்திருந்தார்கள். விதை வாங்கக் கொண்டுவந்த சாக்குகள் அவை. எல்லோரும் கேட்டால் பெட்டி காலி. பெட்டி காலியானால் மதுரைக்காரருக்கு எதைக் காட்டுவது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஜீப் ஒன்பது மணிக்கு வரும். நான் இப்போதே பெட்டியோடு பரளச்சி ரோட்டுக்குப் போய் ஜீப்பை மறித்து, அங்கேயே வங்கியிடம் ஒப்படைத்துவிட்டால்? வங்கி கைக்குப் போன பிறகு யாரும் என்னிடம் கேட்க முடியாது. இதை யோசித்தபோது நான் பெரிய ராஜதந்திரி என்று எனக்குத் தோன்றியது.

சாயம் இறங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டேன் (வேறு வெள்ளை இல்லை). பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டினேன். பின்கதவு வழியாக, ஊருக்குள் போகாமல், காட்டு வண்டிப்பாதையில் இறங்கினேன்.

கரிசலில் மழைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது அந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இருபது கெஜம் போவதற்குள் மண் சக்கரத்தைச் சுற்றி அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சைக்கிள் நட்டு வைத்தது போல நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன், அசையவில்லை. ஒரு செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. அதை எடுக்கப் போய் இன்னொன்றையும் இழந்தேன். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். சைக்கிளில் முன்னூறு ரூபாய்ச் சில்லறையும் இரும்புப் பெட்டியும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பெட்டி ஜலஜலவென்றது. அமைதியாகத் தப்பி ஓடுவதற்கு அதைவிட மோசமான சரக்கு கிடையாது.

வலப்பக்கக் காட்டில் ஓர் ஆள் விதைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எங்கள் தலைமையாசிரியர்.

"என்ன சார், எங்க கிளம்பிட்டீக?"

"விழாவுக்கு சார்."

"விழா அங்கிட்டுல்ல இருக்கு?" என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். அப்புறம் என் தோளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் ஊருக்குள் கேட்டிருக்கிறது. வரப்பு மேல் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் தாய்மார்கள். யாரும் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமே இல்லை. வரப்பு மேல் சாதாரணமாக நடந்தாலே என்னைப் பிடித்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் ஓடினேன். எத்தனை வேகம் என்றால், பக்கத்தில் நடந்து வந்த நாய் இரண்டு தடவை நின்று எனக்காகக் காத்திருந்தது.

எப்படியோ ரோட்டுக்கு ஐம்பது கெஜம் வரை வந்துவிட்டேன். ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அதன் பக்கத்தில் ஜீப் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். கையை உயர்த்தினேன். அந்தக் கைதான் சைக்கிளைப் பிடித்திருந்த கை. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெட்டி நடுவில். விழுந்த வேகத்தில் பெட்டியின் கொண்டி தெறித்து, நான்கு மாதச் சேமிப்பு முழுவதும் கரிசலில் விதைத்தது போலச் சிதறியது. அந்த வட்டாரத்தில் அன்றைக்கு முதலில் விதைத்து முடித்தவன் நான்தான்.

ஜீப்பிலிருந்து மதுரை அதிகாரி இறங்கினார். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. எதிரே இடுப்பு வரை சேறும், சிவப்புக் கறை படிந்த சட்டையுமாக ஒருவன் மண்டியிட்டுக் காசு பொறுக்குகிறான், அவனைச் சுற்றி எழுபது பேர் நிற்கிறார்கள். "யார் இவர்?" என்று கேட்டார். வழி நெடுக என் புகழ் பாடிக்கொண்டு வந்த ஏஜெண்டுக்குச் சட்டென்று என்னை அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

பேச்சிதான் பதில் சொன்னாள். "எங்க சாரு. எங்க துட்டைத் தூக்கிட்டு ஓடுறாரு."

அதிகாரி முகம் மாறியது. அவள் எப்போதும் நியாயமான பெண், உடனே திருத்தினாள். "திருட்டெல்லாம் இல்ல சார். நல்லவர்தான். எங்களுக்குக் குடுத்துறக் கூடாதுன்னு ஓடுறாரு."

திருடன் என்றே விட்டிருக்கலாம்.

அதிகாரி என்னிடம் கேட்டார். நான் எழுந்து நின்று, விழா, மழை, விதை, ஏர் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பணத்தை எடுக்கலாம் என்று விதியில் இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அது தெரியாதா?" என்றார்.

"ஆறாவது விதி" என்றாள் பேச்சி. "காலண்டருக்குப் பின்னாடி இருக்கு."

சொல்லிவிட்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள். "பெற்றோரின் கையொப்பம் அல்லது கைநாட்டுடன்" என்று அவள் எடுத்துக் கொடுக்க, அத்தனை பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். செய்யுள் ஒப்பிக்க நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பிழை இல்லாமல், "ஒரு ரூபாய் இருந்தால் போதும்" வரை முடித்தார்கள். நான்கு மாதமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஆனி மாதம் தொடங்கிப் போட்டுக்கொண்டு வந்ததே அந்த விதியை நம்பித்தான். பேச்சி அன்றைக்கு வகுப்பில் எழுந்து கேட்டதுகூட நான் என்ன சொல்வேன் என்று பார்க்கத்தான் போல. அது தெரியாமல் ஊரில் இருந்தவன் நான் ஒருவன்.

ஏஜெண்ட் மெதுவாக அதிகாரியின் காதருகே போய், திறப்பு விழா அன்றைக்கே எல்லோரும் பணத்தை எடுத்தால் மதுரைக்கு என்னவென்று எழுதுவது என்று கவலைப்பட்டார்.

அதிகாரி ஷூவைக் கழற்றி ஜீப்பில் வைத்தார். "ஒரே நாளில் நாற்பத்தொரு கணக்குத் திறந்தோம், கேட்டவர்களுக்கெல்லாம் அன்றைக்கே கொடுத்தோம் என்று எழுதுங்கள். வேறு எந்தக் கிளை அப்படி எழுதும்?"

முதலில் காசு பொறுக்கினோம். எழுபது பேர் வரிசையாகக் குனிந்து, களை எடுப்பது போல, ஒரு சாண் இடம் விடாமல் தேடினார்கள். பாலத்துக்கடியில் ஓடிய மழைத் தண்ணீரில் அலசி எண்ணினால், நோட்டுக் கணக்கைவிடப் பதினைந்து காசு கூடுதலாக இருந்தது. எந்தக் காலத்தில் யார் தொலைத்ததோ. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஏஜெண்ட் அந்த நெருக்கடியிலும் யோசித்துக்கொண்டிருந்தார்.

பாலத்தின் இடது சுவர் போடுகிற இடம், வலது சுவர் எடுக்கிற இடம். பிள்ளை இடது சுவரில் பணத்தைக் கட்டும். பாஸ் புத்தகத்தில் முத்திரை விழும். புத்தகத்தோடு நாலு எட்டு நடந்து வலது சுவருக்கு வந்து, ஒரு ரூபாயை விட்டுவிட்டு மீதியை எடுக்கும். இடது சுவரில் கட்டிய அதே காசுதான் வலது சுவரில் கைக்கு வரும். கைநாட்டு வைக்க ஏஜெண்ட் மைத்தட்டை நீட்டினார். தாய்மார்களுக்கு அது தேவைப்படவில்லை. விரலை அப்படியே அழுத்தினார்கள், கரிசலில் ரேகை தெளிவாக விழுந்தது. முதல் இரண்டு பேர் தொட்டதிலேயே மைத்தட்டு சேறாகிக் கெட்டிருந்தது.

நான் படிவம் எழுதினேன். வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர் கூப்பிட வாயெடுத்தபோது பேச்சி தடுத்தாள். "அப்படி வேணாம் சார். ஏரு யார் காட்டுல நிக்குதோ அவுக முதல்ல." அந்த விதிப்படி முதலில் வந்தது அவள்தான். மணி ஒன்பது ஐம்பது. பரளச்சிக்கு நடந்து போய் விதை வாங்கித் திரும்பினால் பதினொன்று ஆகிவிடும். காசு கையில் வந்தும் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அதிகாரியும் பார்த்திருக்க வேண்டும். டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார். பாக்கியமும் பேச்சியும் இன்னும் ஆறு தாய்மார்களும் அதில் ஏறினார்கள். பாக்கியம் அதுவரை எந்தக் காரிலும் ஏறியதில்லை. அதிகாரியின் ஷூவை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் வெறுங்காலோடு வண்டிப்பாதையில் பாக்கியத்தின் காட்டுக்குத் திரும்பி ஓடினேன், அது ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அன்று நான் ஓடிய இரண்டாவது ஓட்டம் அது. அதைப் பேரப்பிள்ளைகள் சொல்வதே இல்லை. ஏர்க்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விதை ஜீப்பில் வருகிறது, கால் மணி பொறுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "ஜீப்புலயா?" என்றார். நம்பவில்லை. ஆனால் அப்படி ஒரு பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பட்டதோ என்னவோ, வேடிக்கை பார்க்கவாவது இருப்போம் என்று நின்றார். பத்தே காலுக்கு ஒன்றரை ஏக்கரில் கம்பு விழ ஆரம்பித்தது. கையால் தூவியது பேச்சி.

மத்தியானத்துக்குள் அந்த ஜீப் பரளச்சிக்கு நாலு தடவை போய் வந்தது. நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் பணம் எடுத்தார்கள். எடுக்காத மூன்று பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குக் காடு கிடையாது. தோரணம் கட்டிய பள்ளிக்கூடத்தில் விழா நடக்கவே இல்லை. ஊரே காட்டில் இருந்தது. அதிகாரி தலைமையாசிரியர் காட்டு வரப்பில் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஏஜெண்ட் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை.

அவர் பேசியது தை பிறந்த பிறகு. அந்த வருஷம் மழை இன்னும் இரண்டு தடவை பெய்தது. அறுப்பு முடிந்த முதல் திங்கட்கிழமை என் மேஜையில் அஞ்சு காசு விழவில்லை, ரூபாய் நோட்டுகள் விழுந்தன. எடுத்ததைப் போல இரண்டு மடங்கு, சிலர் மூன்று மடங்கு. அடுத்த வாரம் தாய்மார்களே வந்து நின்றார்கள். கேட்ட அன்றைக்கே, ரோட்டில் வைத்து, பணத்தை எடுத்துக் கொடுத்த வங்கி என்றால் எங்கள் பேரிலும் ஒரு கணக்குப் போடு என்றார்கள். வருஷம் முடிவதற்குள் அந்த ஊரில் கணக்கு இல்லாத வீடு இல்லை. திருச்சுழிப் பக்கம் பத்துப் பள்ளிகளுக்கும் திட்டம் போனது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளக்கம் சொல்ல என்னையே அனுப்பினார்கள். தாளை ஒட்டியதும் முதலில் ஆறாவது விதியைத்தான் வாசிப்பேன். பக்கத்துச் சுவரில்கூடக் காலண்டர் மாட்ட விடமாட்டேன்.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ், விதைத்த நாளுக்கு அடுத்த வாரமே ஊருக்கு வந்தது. பேச்சியின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாக்கியம் வாசலுக்கு வந்து, பிள்ளை படிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பேச்சி ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். பிறகு நர்ஸ் படிப்பு. ரொம்பக் காலம் மல்லாங்கிணறு பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள்.

அவள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின் அவளை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்தியதற்காக. சாவி விஷயமாகப் பொய் சொன்னதற்காக. அந்தக் காலண்டரை மாட்டியதும் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும் சார்" என்றாள். "நீங்க ஆணி அடிக்கையில நான்தான கல்லு எடுத்துக் குடுத்தேன்."

வருஷங்கள் கழித்து என் மூத்த மகள் கல்யாணம், அருப்புக்கோட்டையில். வாத்தியார், கணக்குச் சுத்தமானவர் என்று நம்பி என் மைத்துனர் என்னையே மொய் மேஜையில் உட்கார வைத்தார். முன்னால் நோட்டு, பக்கத்தில் பெட்டி. பேச்சியம்மாள் கணவரோடு வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் பணத்தை எடுத்தவள், என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பணத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெட்டிய சார்கிட்டயா குடுத்திருக்கீக?" என்று என் மைத்துனரிடம் கேட்டாள். "எதுக்கும் அவுக சைக்கிளைப் பூட்டி வைங்க."

என்ன விஷயம் என்று நாலு பேர் கேட்டார்கள். வரிசையை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை, சாவி உட்பட, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள். சம்பந்தி வீட்டார் எழுந்து பக்கத்தில் வந்து கேட்டார்கள். என் மனைவி அன்றைக்குத்தான் முழுக் கதையையும் முதல் தடவை கேட்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அவளே வந்து என் முன்னாலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் என்னை மொய் மேஜைப் பக்கம் விட்டதில்லை.

என்னிடம் சைக்கிள் இல்லாமல் போய் இருபது வருஷம் ஆகிறது. முழங்கால் வலியில் நடப்பதே பெரிய காரியம். இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் மொய்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன் யாராவது ஒருவர் மண்டபத்து வாசல் வரை போய், அங்கே சைக்கிள் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். அதற்குப் பிறகுதான் முதல் பெயரை எழுதுகிறார்கள்.